பத்து மணிக் கோடு

என் அன்பு மகள் வக்கீலம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகப் போர்த்திக்கொண்டு தூங்கி நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். வழக்கமாக நலம் என்று சும்மா எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன், இந்த முறை அப்படி இல்லை, சர்ஜன் தொட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நலம். ஜெயித்துவிட்டோம். யாரை என்று கேட்பாய், சொல்கிறேன், ஆனால் நீ குறுக்கு விசாரணையை ஆரம்பிப்பதற்கு முன்னால் நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அப்பா சரக்கு எடுக்க வெளியூர் போயிருக்கிறார் என்று போனில் அம்மா சொன்னாளே, அது பொய். சொல்ல வைத்தது நான். அந்த நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். அப்போது நீ புது வேலையில் சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகாதவள், தெரிந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிடுவாய் என்று பயம். குடல்வால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு வந்தது வரைக்கும் உனக்குத் தெரியும், பிறகு நடந்ததுதான் தெரியாது.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள் தையல் ஓரத்தில் கசிய ஆரம்பித்தது. மறுநாள் சட்டை நனைந்தது. டாக்டரிடம் போனால் மறுபடி படுக்க வைத்துவிடுவார், கடை வாசலிலோ அட்டைப்பெட்டி லாரி வந்து நிற்கிறது. இருபத்தெட்டு வருஷமாகப் பெட்டியும் டேப்பும் விற்கிறவன் மூளை எங்கே போகும் சொல். கண்ணாடிச் சாமான் மேல் சுற்றுவோமே, ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் தாள், அதை எடுத்து இடுப்பில் நாலு சுற்று இறுக்கிச் சுற்றிக்கொண்டேன். காற்றுப் புகாமல் மூடினால் எந்தச் சரக்கும் கெடாது என்பது என் தொழில் கெட்டிக்காரத்தனம். மூன்று நாள் அப்படியே கடைக்குப் போனேன். மேலே நான் நின்று விலை பேசுகிறேன், உள்ளே புழுக்கத்தில் கிருமி சொகுசாகக் குடும்பம் நடத்துகிறது.

மறுநாள் காலையில் காபி டம்ளர் என் கையில் நிற்கவில்லை, அப்படி ஒரு குளிர்காய்ச்சல். அம்மா சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். உங்களை எந்த நாட்டுக்கு ஏற்றுமதி பண்றதா உத்தேசம் என்று கேட்டாள். கத்திரிக்கோலால் தாளை வெட்டி எடுத்தாள். வயிற்றில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு, தொட்டால் அடுப்பு மாதிரி சூடு. அவள் அழவில்லை, கடைப் பையிலிருந்து நீல மார்க்கரை எடுத்தாள். குடோன் சுவரில் ஈரம் ஊறினால் கறையைச் சுற்றிக் கோடு போட்டு மணி எழுதி வைப்பாளே, கோட்டைத் தாண்டினால் அன்றைக்கே சரக்கை நகர்த்தச் சொல்லுவாளே, அதையேதான் என் வயிற்றிலும் செய்தாள். சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் மணி பத்து என்று எழுதினாள். நான் என்ன குடோன் சுவரா என்று கத்தினேன். சுவருக்கு இதைவிடப் புத்தி உண்டு என்றாள்.

ஆஸ்பத்திரியில் கூட்டம், எங்கள் முறை வரும்போது மணி இரண்டு. சின்ன டாக்டர், பாவம், காலையிலிருந்து சாப்பிட்டிருக்க மாட்டார், எட்ட இருந்தே பார்த்துவிட்டு ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்சம் சிவக்கத்தான் செய்யும், மாத்திரை சாப்பிட்டு மூன்று நாள் கழித்து வாங்க என்றார். உள்ளதைச் சொன்னால், எனக்குச் சந்தோஷம், எழுந்துவிட்டேன். அம்மா என் தோளை அமுக்கி உட்கார வைத்து, தம்பி, என்னை நம்ப வேண்டாம், பத்து மணிக்கு இங்கே இருந்தது, இப்போ எங்கே இருக்குன்னு நீங்களே பாருங்க என்றாள். சிவப்பு கோட்டைத் தாண்டி இரண்டு விரல் போயிருந்தது. அவர் முகம் மாறிவிட்டது, உடனே சர்ஜனைக் கூப்பிட்டார்.

தையலைப் பிரித்துச் சீழை வடித்தார்கள். கெட்டுப்போன பசை டின்னைத் திறந்த நாற்றம். சீழில் கொஞ்சம் எடுத்து எந்தக் கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்க்க லேபுக்கு அனுப்பிவிட்டு ஊசி மருந்து ஏற்றினார்கள். ஆனாலும் சிவப்பு நிற்கவில்லை. அம்மா இரண்டாம் கோடு போட்டாள், அடுத்த நாள் மூன்றாம் கோடு, அது விலா எலும்புக்குப் பக்கத்தில். ரத்தத்தில் கலந்துவிட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று சர்ஜன் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து மார்க்கரின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள், எனக்குப் புரிந்துவிட்டது. அப்போது உன்னைக் கூப்பிடச் சொல்லலாமா என்று நினைத்தேன், சொல்ல வாய் வரவில்லை.

மூன்றாம் நாள் லேபிலிருந்து சீட்டு வந்தது, கொடுத்துக்கொண்டிருந்த மருந்துக்கு அந்தக் கிருமி மசியாதாம். வேறு மருந்துக்கு மாற்றினார்கள். மறுநாள் சிவப்பு கோட்டிலேயே நின்றது. அதற்கு அடுத்த நாள் உள்ளே போயிட்டான், உள்ளே போயிட்டான் என்று உன் அம்மா போட்ட சத்தத்தில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. திட்ட ஓடி வந்த தலைமை நர்ஸும் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார். அந்தப் பத்து மணிக் கோட்டுக்குள் சிவப்பு திரும்பி வந்த அன்று அந்தச் சின்ன டாக்டர் வந்து அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார், இவள் அவரை முதலில் போய்ச் சாப்பிடச் சொன்னாள்.

காயத்தை அப்புறம் தைக்கவில்லை, வாய் திறந்தபடியே விட்டு, அடியிலிருந்து சதை வளர்ந்து வர வேண்டும் என்று தினமும் துணித் திரி வைத்துக் கட்டினார்கள். எதையும் மூடி ஒட்டியே பழகியவனுக்கு அந்த ஐந்து வாரம் பெரிய தண்டனை. நேற்று திரி வைக்க இடமே இல்லை. சர்ஜன் கை கொடுத்தார், எனக்கு இல்லை, உன் அம்மாவுக்கு. இன்று காலை கடை ஷட்டரை நான்தான் திறக்க நினைத்தேன், கனம் தூக்கக் கூடாது என்று அவளே ஒரே இழுப்பில் தூக்கிவிட்டாள். இன்னொன்று, அந்த வார்டில் இப்போது கட்டிலுக்கு ஒரு மார்க்கர் கயிற்றில் தொங்குகிறது. கயிறு நம் கடைச் சரக்கு.

உனக்குச் சொல்ல வேண்டியது, காயம் சிவந்தால், சுட்டால், கசிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டு. மாத்திரை கொடுத்தால் நடுவில் நிறுத்தாமல் முடி. உடம்பு சரியில்லையென்றால் எங்களுக்கு மறைக்காதே, இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். இனி நானும் மறைக்க மாட்டேன். நோய் நொடி இல்லாமல், எடுத்த வேலையெல்லாம் கைகூடி, நீ நூறு வருஷம் இருக்க வேண்டும்.

இந்தத் தாளின் கீழ் ஓரத்தில் ஒரு காபிக் கறை, அதைச் சுற்றி நீலக் கோடு, பக்கத்தில் மணி நாலே கால். யார் வேலை என்று சொல்ல வேண்டியதில்லை. உன் கைக்கு வரும்போது கறை கோட்டைத் தாண்டியிருந்தால் உடனே எழுதச் சொல்கிறாள். தாண்டாவிட்டாலும் எழுது.

இப்படிக்கு,
வயிற்றில் நீலம் இன்னும் முழுதாகப் போகாத,
தேய்த்துக் கழுவ மனசும் வராத
உன் அப்பா