இரண்டு பேர் கேட்கிற கேள்வி

மாரெட்பள்ளி,
4 நவம்பர் 2024

சுதர்சனுக்கு,

இங்கே நானும் ஹம்ஸினியும் நலம். உங்கள் நலமறிய ஆவல் என்று எழுதி, அடித்துவிட்டேன். ஆனால் ஆவல் இருக்கத்தான் செய்கிறது, அதனால் மறுபடியும் எழுதுகிறேன்.

கவுன்சலிங்கில் திரிபுரசுந்தரி மேடம் சொன்னபடி இது என் முதல் கடிதம். வாட்ஸ்அப்பில் நாம் தட்டுகிற வேகத்திலேயே சண்டை வந்துவிடுகிறது, கையால் எழுதினால் கொஞ்சம் ஆறும், குழந்தையைப் பற்றி மட்டும் எழுதுங்கள், அவளிடமே கொடுத்தனுப்பி அவளைத் தபால்காரியாக்காதீர்கள் என்றார். நீங்கள் ராமச்சந்திராபுரம் குவார்ட்டர்ஸில், நாங்கள் இங்கே. ஒரே ஊருக்குள் ஸ்பீட் போஸ்ட். பேகம்பேட்டில் என் ஆபீஸ் பக்கத்துத் தபாலாபீஸில் விலாசத்தைப் பார்த்துவிட்டு, "லோக்கலா மேடம்?" என்று இரண்டு முறை கேட்டார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். அரைப் பரீட்சைத் தாள்கள் வந்துவிட்டன. சயின்ஸில் பாதிக் கேள்விகளுக்கு மேல் தொடவே இல்லை. தப்பாக எழுதவில்லை, எழுதவேயில்லை. தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். இலை எப்படிச் சாப்பாடு தயாரிக்கிறது, இதயம் என்ன செய்கிறது, எல்லாம் கடகடவென்று சொல்கிறாள்.

"பின்னே ஏண்டி எழுதலை?"

"தப்பா இருந்தா?"

ஏழாம் வகுப்புக் குழந்தைக்கு ஏன் இவ்வளவு பயம்? எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சேர்த்துவிட்ட அந்த மேத்ஸ் ஃபவுண்டேஷன் கிளாஸ். தலை பின்னிவிடும்போது, "எனக்கு அந்தக் கிளாஸ் வேண்டாம்மா" என்று விசும்பினாள். தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். நான் அவளை டியூஷன் எதற்கும் அனுப்பவில்லை. சனிக்கிழமை லைப்ரரிக்கு அழைத்துப் போகிறேன், பிடித்ததைப் படி என்கிறேன். படிப்பு தானாக வரும்.

முதுகுவலி தேவலையா? இது குழந்தையைப் பற்றியது இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

சௌம்யா


ராமச்சந்திராபுரம்,
12 நவம்பர் 2024

சௌம்யாவுக்கு,

உன் கடிதத்தை ஃபாக்டரி கேன்டீனில் உட்கார்ந்து படித்தேன். டீ ஆறிப்போயிற்று. கிளாஸ் வேண்டாமென்று அழுதாள் என்று எழுதியிருக்கிறாய். எந்த ஹம்ஸினி?

போன ஞாயிறு கிளாஸ் முடிந்து ஸ்கூட்டரில் வரும்போது, பின்னாலிருந்து என் காதில் கத்திக்கொண்டே வந்தாள். "அப்பா, ஸ்கூல்ல இருக்கற எல்லாத்தையும் விட இந்த மேத்ஸ்தான் சூப்பர்! அடுத்த லெவலுக்கும் சேத்துவிடறியா?" வார்த்தைக்கு வார்த்தை இதுதான். லைப்ரரியைப் பற்றியும் சொன்னாள். "போர்ப்பா. அம்மா புக்கைக் கையில குடுத்துட்டு என் மூஞ்சியையே பாத்துண்டிருப்பா."

அவளிடம் இந்த அழுகையை நீ எப்படி வரவழைத்தாய் என்று கேட்க நினைத்தேன். பார், கேட்டே விட்டேன். பேனாவாலும் சண்டை போட வருகிறது நமக்கு. கோபித்துக்கொள்ளாதே.

எனக்கு வேறு எதுவும் கொடுக்கத் தெரியவில்லை சௌம்யா. கணக்கு ஒன்று கைவந்துவிட்டால் அவள் யாரிடமும் போய்ப் பணிந்து நிற்க வேண்டாம் என்று நினைக்கிறேன். கிளாஸை நிறுத்த மனசில்லை.

முதுகு பரவாயில்லை. சமையல் முன்னேறியிருக்கிறது. ஞாயிறுதோறும் பாகற்காய்ப் பொரியல் செய்கிறேன். ஹம்ஸினி இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள். உனக்குத் தெரிய வேண்டுமென்றுதான் எழுதுகிறேன்.

சுதர்சன்


மாரெட்பள்ளி,
21 நவம்பர் 2024

சுதர்சனுக்கு,

இதற்கு முன்னால் ஒரு பதில் எழுதினேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். உங்கள் நல்லகாலம்.

பாகற்காயா? உங்கள் பெண்ணா? என் வீட்டில் பாகற்காய் நறுக்கினாலே மூக்கைப் பிடித்துக்கொண்டு பால்கனிக்கு ஓடுகிறவள் அவள். கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் சிரிப்பு நின்றுபோயிற்று.

ஒரு வாரமாக அவளைக் கவனிக்கிறேன். "தோசையா, உப்புமாவா?" என்று கேட்டால் அடுப்பைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறாள். "உனக்கு எது ஈஸியோ அது." டிவியில் எந்த சானல் என்றால், "உனக்கு எதும்மா?" பக்கத்து ஃபிளாட் சாஹிதி விளையாடக் கூப்பிட வந்தால், போகலாமா என்று என் முகத்தில் தேடுகிறாள். பன்னிரண்டு வயதில் நானெல்லாம் அம்மாவோடு எவ்வளவு மல்லுக்கு நின்றிருக்கிறேன். இவள் என்னோடு ஒருநாள் கூடச் சண்டை போட்டதில்லை. எவ்வளவு நல்ல பெண் என்று எல்லாரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

கிளாஸைப் பற்றி எனக்குப் பிடித்த பதிலை என்னிடமும், உங்களுக்குப் பிடித்ததை உங்களிடமும் சொல்லியிருக்கிறாள் என்று நினைக்கிறேன். அவளைக் கேள்வி கேட்டுக் குடைய வேண்டாம். ஆனால் நீங்களும் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்.

சௌம்யா


ராமச்சந்திராபுரம்,
2 டிசம்பர் 2024

அன்புள்ள சௌம்யா,

குடைய வேண்டாம் என்றாய். நான் குடைந்துவிட்டேன். எப்படியும் உன்னிடம் சொல்லத்தான் வேண்டும்.

ஞாயிறு மத்தியானம் பாகற்காயைத் தட்டில் வைத்துவிட்டு, "ஹம்ஸி, இது உனக்குப் பிடிக்கலைன்னா விட்டுடலாம்டா" என்றேன். "சூப்பரா இருக்கேப்பா" என்றாள். கண்ணில் தண்ணீர் நிற்கிறது, ஆனாலும் மெல்லுகிறாள். நான் தட்டை வாங்கிக்கொண்டேன். "சரி, கிளாஸையும் நிறுத்திடலாமா?" என்றேன். "உனக்கு ஓகேன்னா ஓகேப்பா." "என்னை விடு, உனக்கு என்ன வேணும்?" என்றேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. பரீட்சை ஹாலில் இப்படித்தான் உட்கார்ந்திருந்திருப்பாள். கடைசியில் கேட்டாள்:

"நான் என்ன சொன்னா நீங்க ரெண்டு பேரும் சந்தோஷமா இருப்பேள்?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் சௌம்யா. கிளாஸுக்குப் போகவில்லை.

நீயும் நானும் ஒரே வீட்டில் இருந்தபோது எதற்கெல்லாம் சண்டை போட்டோம். அவள் எந்த ஸ்கூல், எந்த மொழி, எத்தனை மணி நேரம் படிக்க வேண்டும். அவள் வாயைத் திறந்து ஒன்று சொன்னால், "பாத்தியா, அவளே சொல்றா" என்று யாராவது ஒருவர் ஜெயித்துவிடுவோம். மற்றவர் கதவைச் சாத்திக்கொள்வோம். தன் ஒரு பதில் வீட்டை என்ன செய்யும் என்று குழந்தை பார்த்துக்கொண்டே வளர்ந்திருக்கிறது.

அவளுடைய கிளாஸ் டீச்சரைப் பார்க்கலாம். தனித்தனியாக வேண்டாம், சேர்ந்து போகலாம். எனக்கு லீவு கிடைக்கும். நீ நாள் சொல்.

சுதர்சன்


மாரெட்பள்ளி,
6 ஜனவரி 2025

அன்புள்ள சுதர்சனுக்கு,

டீச்சரைப் பார்த்துவிட்டு வந்த அன்றே எழுத நினைத்தேன். பிறகு, கொஞ்சம் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று விட்டேன்.

நஸ்ரின் டீச்சரிடம் நாம் போட்டி போடுவோமோ என்று எனக்கு உள்ளூரப் பயம். நீங்கள் வாயே திறக்கவில்லை. நானும்தான். வாணியம்பாடிக்காரராக இருந்தது நல்லதாய்ப் போயிற்று, தமிழிலேயே பேசினார். "பாடத்துல அவ வீக்கே இல்லீங்க. நமக்கு ஒரு கேள்வின்னா ஒருத்தர் கேக்கறது. அவளுக்கு எல்லாமே ரெண்டு பேர் கேக்கற கேள்வி. எதை எழுதினாலும் ஒருத்தருக்குத் தப்பாயிடும்னு பேனாவைக் கீழ வெச்சிடறா" என்றாரே, அது இன்னும் என் காதில் இருக்கிறது. வீட்டில் சின்னச் சின்ன விஷயங்களில் அவள் தப்புச் செய்யட்டும், தப்புச் செய்தால் ஒன்றும் ஆகவில்லை என்று அவள் கண்ணால் பார்க்கட்டும் என்றார். நாமும் அவள் எதிரில் தப்புச் செய்துவிட்டு, தப்பு என்று ஒப்புக்கொள்ள வேண்டுமாம். அது எனக்குக் கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் அப்போது பக்கவாட்டில் பார்த்துச் சிரித்ததை நான் கவனிக்காமல் இல்லை.

சொன்னபடி கிளாஸையும் லைப்ரரியையும் நிறுத்தி வைத்திருக்கிறோம் அல்லவா? முதல் சில நாட்கள் அவள் என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டேன். மூன்று தரம் சாம்பாரில் உப்பை மறந்தேன். "அம்மா, உப்பே இல்லை" என்று மூன்றாவது தரம் சொன்னாள். கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

முந்தாநாள் துணி மடித்துக்கொண்டிருந்தோம். அவளாகவே ஆரம்பித்தாள். "அம்மா, நான் பொய் சொல்லலை. மேத்ஸ் நிஜமாவே பிடிக்கும். ஞாயித்துக்கிழமைதான் பிடிக்கலை. அப்பாவோட இருக்கறதே அன்னிக்கு ஒரு நாள். அதுல பாதியைக் கிளாஸ் தின்னுடறது." கையிலிருந்த துண்டை மடித்து வைத்துவிட்டு, "புக்கும் பிடிக்கும். நீ பாத்துண்டே இருக்கறதுதான் பிடிக்கலை."

பார்த்தீர்களா? என்னிடம் அழுததும் நிஜம். உங்களிடம் குதித்ததும் நிஜம். ஆளுக்குப் பாதியைப் பிடித்துக்கொண்டு நாம் வக்கீல் வைத்து வாதாடியிருப்போம். பாகற்காய் மட்டும்தான் பொய்யாம்.

சிகந்திராபாத்தில் அதே கிளாஸ் புதன்கிழமை சாயங்காலம் நடக்கிறது. அவளே போன் செய்து விசாரித்தாள். மாற்றிவிடட்டுமா? லைப்ரரிக்கு இனி சாஹிதியோடு போவாளாம். அட்டையை அவளிடமே கொடுத்துவிட்டேன். பிடித்ததைப் படி என்று சொல்லிவிட்டு, பிடிக்கிறதா என்று அவள் முகத்திலேயே பாடம் படித்துக்கொண்டிருந்தவள் நான்தான்.

பொங்கலுக்கு அவளை இரண்டு நாள் முன்னாலேயே அழைத்துப் போங்கள். பட்டம் விட வேண்டுமாம்.

சௌம்யா


ராமச்சந்திராபுரம்,
10 மார்ச் 2025

அன்புள்ள சௌம்யா,

கிளாஸ் புதன்கிழமைக்கு மாறியதிலிருந்து ஞாயிறுகள் நீளமாகிவிட்டன. அவள் என்னைக் கேரம் போர்டில் தோற்கடிக்கிறாள். ஸ்லிப் டெஸ்ட் தாளை என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள். நிறையத் தப்பு. ஆனால் ஓர் இடம்கூடக் காலியில்லை. "இது தப்புன்னு எனக்கு எழுதும்போதே டவுட்டுப்பா, ஆனாலும் எழுதினேன்" என்று அவளே சிவப்பு மை இருக்கும் இடத்தைக் காட்டினாள். நான் அந்தத் தாளை ஃபாக்டரியில் ஒருத்தர் விடாமல் காட்டினேன். எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். பிள்ளையின் மார்க்கைக் காட்டுகிறவர்கள் உண்டு, தப்பைக் காட்டுகிறவன் நான்தான்.

முந்தாநாள் போன் செய்தாள். "அப்பா, இந்த சண்டே நான் வரலை. சாஹிதியும் நானும் வாட்டர் ஃபில்டர் மாடல் பண்றோம்."

நான் சினிமா டிக்கெட் எடுத்திருந்தேன். "கொஞ்ச நேரமாவது வந்துட்டுப் போயேன்டா" என்றேன்.

"நக்கோப்பா. நெக்ஸ்ட் வீக் வரேன். பை."

வைத்துவிட்டாள். அப்பாவுக்கு வருத்தமா என்று கேட்கவே இல்லை. எனக்கு வருத்தம்தான். ஆனால் சௌம்யா, வேண்டாம் என்று இந்த ஊர்ப் பேச்சில் பளிச்சென்று சொன்ன அந்த 'நக்கோ'வைக் கேட்டு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்பதை உன்னைத் தவிர யாரிடம் சொல்ல? வேறு யாருக்கும் புரியாது. சினிமாவுக்குத் தனியாகப் போய்வந்தேன். படம் சுமார்.

ஏப்ரலில் விவாகரத்துக்குக் கோர்ட் தேதி வருகிறது. இத்தனை கடிதங்களுக்குப் பிறகு, நாம் மறுபடியும் சேர்ந்து பார்க்கலாமா என்று உன்னைக் கேட்க ஒரு பாரா எழுதினேன். எழுதியதைப் படித்துப் பார்த்தேன். அது நீயும் நானும் கேட்கிற கேள்வியாக இல்லை, அவளுக்காகக் கேட்கிற கேள்வியாக இருந்தது. அதற்கு மட்டும் சேர்ந்தால் அந்தச் சுமையும் அவள் தலையில்தான். அதனால் கையெழுத்துப் போடுகிறேன். உன் மனதும் அதுதான் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் சொல்.

பரீட்சை முடிந்ததும் அவளிடம் நாம் சேர்ந்து சொல்லலாம். நான் அங்கே வருகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சுதர்சன்


மாரெட்பள்ளி,
20 ஏப்ரல் 2025

அன்புள்ள சுதர்சன்,

என் மனதும் அதுதான். நேரில் சொல்ல வாய் வரவில்லை, நீங்கள் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டீர்கள்.

நேற்று நாம் சொல்லி முடித்ததும் ஹம்ஸினி அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினாளே, அதற்குப் பிறகு நீங்கள் கூடத்தில் அவ்வளவு நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்ததற்கு நன்றி. போய்க் கதவைத் தட்டிச் சமாதானம் செய்ய என் கால் துறுதுறுத்தது. நீங்கள் தலையை ஆட்டித் தடுத்தீர்கள். அது சரிதான்.

நீங்கள் பஸ் ஏறப் போனபின் வெளியே வந்தாள். கண்ணெல்லாம் சிவப்பு.

"உங்க ரெண்டு பேர் மேலயும் எனக்குக் கோவம்."

"இருக்கட்டும்."

"நிறைய கோவம். எவ்ளோ நாள் இருக்கும்னு தெரியலை."

"எவ்ளோ நாள் வேணுமோ இருக்கட்டும்டா. நாங்க எங்கயும் போயிடலை."

என் முகத்தில் என்ன தெரிகிறது என்று அவள் தேடவில்லை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவள் என்னைத் தேற்ற வரவில்லை. தட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "தோசை போடு. உப்புமா வேண்டாம்" என்றாள். மூன்று தோசை சாப்பிட்டாள். மூன்றும் கோபத்தோடுதான்.

கடிதங்கள் இனித் தேவையா என்று திரிபுரசுந்தரி மேடம் கேட்டார். வேண்டியதில்லை, அவளே பேசுகிறாள் என்று சொல்லிவிட்டேன். எழுதியவரை நன்றாக இருந்தது சுதர்சன். கல்யாணமான புதிதில் நாம் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். அப்போது ஒரே வீட்டில் இருந்தோம், தோன்றவில்லை.

இது உங்கள் கைக்கு வருகிற நாளில் உங்கள் பெண் போன் செய்யப் போகிறாள். உங்களைத் திட்ட வேண்டுமாம். என்னென்ன சொல்லித் திட்டுவது என்று சாஹிதியோடு உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

வேலையில் இருந்தாலும் போனை எடுங்கள்.

சௌம்யா