கொர்னேலியாவின் ஷூலான்ட்ஸே

நவம்பர் 6, புதன்

மறுபடியும் தட்டைத் தள்ளிவிட்டார். ஷூலான்ட்ஸே செய்ய நேற்றே தோலோடு வேகவைத்து ஆறவிட்ட உருளைக்கிழங்கு. முட்டையும் மாவும் சேர்த்துப் பிசைந்து, விரல் நீளத்துக்கு உருட்டி, கொதிநீரில் மிதந்து வரும்வரை நின்று, வெண்ணெய், அரைத்த கசகசா, சர்க்கரை போட்டுப் பிரட்டிச் சூடாகக் கொண்டுபோய் வைத்தேன். அப்பா ஒன்றை வாயில் போட்டார்.

"கல்லு மாதிரி இருக்கு. கொர்னேலியா செஞ்சா வாயில கரையும். அவ கைப்பக்குவம் உனக்கு வரல, வில்மா."

மாதம் ஒருமுறை வியன்னாவிலிருந்து வந்து போகிற தங்கையின் கைப்பக்குவம். ஆறு வருஷமாக அவரைக் குளிப்பாட்டுவது என் கை.

நவம்பர் 7

பேசவில்லை. அவரும்தான்.

நவம்பர் 9, சனி

எழுத்து கோணுகிறது. கோணட்டும்.

கொர்னேலியா பத்து மணிக்கு வந்தாள். "நீ போய் உக்காருக்கா, நான் பாத்துக்கிறேன்" என்று வழக்கம்போல சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். இத்தனை நாளாக அதை அன்பு என்று நினைத்தேனே.

அப்பா தட்டை வழித்துச் சாப்பிட்டார். பிறகு குப்பை வாளியைக் கொட்டப் போனேன். மேலே உருளைக்கிழங்குத் தோல். அடியில், கடையில் விற்கிற உறையவைத்த ஷூலான்ட்ஸே பாக்கெட். தோலைக்கூட வேஷத்துக்குச் சீவியிருக்கிறாள்.

"அப்பாகிட்ட சொல்லிடாதக்கா. முதல் தடவ நேரமில்லாம வாங்கிட்டு வந்தேன். அவர் அப்படிப் பாராட்டினார். அப்புறம் எந்த வாயால சொல்றது?"

பாக்கெட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் போட்டேன்.

பார்த்தார். "தெரியுமே," என்றார். "இதப் பிரிக்கிற சத்தம் கேக்காதா? கால்தான் போச்சு, காது போகல."

"தெரிஞ்சுமா என்னை அப்படிச் சொன்னீங்க?"

"அவள நாலு வார்த்தை நல்லதாச் சொன்னாத்தான் அடுத்த மாசம் வருவா. நீ எங்க போகப் போற?"

நீ எங்க போகப் போற. என்னை என்னன்னு நெனச்சாரு இந்த மனுஷன்? மூலைல கெடக்கிற நாற்காலின்னா?

நவம்பர் 10, ஞாயிறு

பெட்டி கட்டிவிட்டேன். மாத்திரைப் பட்டியலைக் கொர்னேலியா கையில் கொடுத்தேன்.

"எனக்கு வேலை இருக்கேக்கா."

"எனக்கும் இருந்துச்சு," என்றேன்.

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நின்றிருப்பேனோ? அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது.

நவம்பர் 13

கொஷிட்ஸே நகரம். தோழி ஒதிலியாவின் வீடு. எட்டு மணிவரை தூங்கினேன். கோபம் அப்படியே இருக்கிறது.

நவம்பர் 22, வெள்ளி

காலையில் கொர்னேலியா போன் செய்தாள். மாவு கையில் ஒட்டுகிறதாம். தண்ணீரில் போட்டால் கரைந்து கஞ்சியாகிறதாம். பாக்கெட் வாங்கி வைத்தால் அப்பா தொடமாட்டேன் என்கிறாராம்.

"எப்பக்கா வர்ற? அப்பா கேக்கச் சொன்னார்."

"அவரே கேக்கட்டும்."

போன் கைமாறியது. "வில்மா," என்றார். அதற்கு மேல் வரவில்லை.

"மாவு இன்னும் கொஞ்சம் போடச் சொல்லுங்க," என்று வைத்துவிட்டேன்.

மத்தியானம் ஸ்டேஷனுக்குப் போனேன். வீடு திரும்ப இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்திருந்த டிக்கெட்டை இரண்டு வாரம் தள்ளி மாற்றிக்கொண்டேன்.