ஊசி கழற்றிய மெஷின்

என்னங்க,

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உங்கள் தங்கை தினமும் மதியம் கைக்குழந்தையோடு வந்துவிடுகிறாள். என் தையல் மெஷின் சத்தம் கேட்டால்தான் அது தூங்குகிறதாம்.

"செத்துப்போன உங்க பையன்தான் எனக்கு மறுபடி பொறந்திருக்கான் அண்ணி. அவனும் இப்படித்தானே தூங்குவான்?" என்கிறாள்.

நானும் ஊசியைக் கழற்றிவிட்டு வெறுமனே மிதிக்கிறேன். திரும்பி வருகிறவனுக்குத் தன் அம்மா வீடு தெரியாதா? அவளிடம் கேட்கவில்லை. அவன் குட்டிச் சட்டைகளையெல்லாம் கொடுத்துவிட்டேன்.

என் வயிற்றில் இருப்பது அவன்தான் என்று நினைத்து இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்தேன். ஆனால் மெஷின் ஓடினால் இது தூங்குவதில்லை, உதைக்கிறது.

இது யாரோ புது ஆள். வரும்போது புதுத் துணி எடுத்து வாருங்கள். உதை வாங்கிக்கொண்டே தைக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி