காட்டாத விடைத்தாள்

ஏ புள்ள,

இன்று காலேஜ் ஆபீசில் விடைத்தாள் கட்டுகளுக்கு முத்திரை வைக்க அரக்கு உருக்கினார்கள். அந்தக் கருகல் வாசனை மூக்கில் ஏறியதுமே நீ வந்துவிட்டாய். செத்துப்போனவளுக்குக் கடுதாசி எழுதுவது பைத்தியக்காரத்தனம்தான். வேறு யாரிடம் சொல்ல?

இன்டர்மீடியட் இரண்டாம் வருஷம். செலக்‌ஷன் பரீட்சையில் காலேஜே பொறுக்கியெடுத்தவர்கள்தான் யூனிவர்சிட்டி பரீட்சைக்குப் போகலாம். ஹாலில் பெயர் படித்தார்கள். பெயர் வந்த நாங்கள் எழுந்து போனோம். நீ பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாய். சரித்திரத்தில் குறைவு என்று மட்டும் சொன்னார்கள். எனக்குச் சரித்திரம் சொல்லிக்கொடுத்ததே நீதான்!

தாளைக் காட்டும்படி பிரின்சிபால் அம்மாவிடம் போய் நின்றாய். அந்த வழக்கமே இங்கே கிடையாது, இன்னொரு தடவை கேட்டால் நடத்தை சர்டிபிகேட்டில் எழுதிவிடுவேன் என்றார். அது கெட்டால் வேறெந்தக் காலேஜிலும் சேர்க்கமாட்டார்கள். இங்கேயே இன்னொரு வருஷம் படிக்கவும் வழியில்லை. ஒரு வருஷம் தவறினாலும் கல்யாணம்தான் என்று உன் அய்யா சொந்தக்காரர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். உங்கள் ஊர் பரவையிலிருந்து வண்டி வந்தது, ஏறிப் போய்விட்டாய்.

சில வருஷம் கழித்து உங்கள் ஊர்ச் சந்தையில் பார்த்தேன். இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று. நலம்கூட விசாரிக்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"தோத்திருந்தா தோத்துட்டுப் போறேன். எதுல கொறஞ்சுச்சுன்னு யாராச்சும் சொன்னாங்களாடி?"

அந்தப் பிரசவத்தில்தான் போனாய்.

இப்போது நான் அதே காலேஜில் வாத்தியாரம்மா. அதே பிரின்சிபால் அம்மா, அதே வழக்கம். போன வாரம் பெயர் கூப்பிடாத ஒருத்தி அழுதுகொண்டு நின்றாள். நான் திருத்திய அவள் தாளை வராந்தாவிலேயே கையில் கொடுத்தேன். முழுக்கப் படித்தாள்.

"ரெண்டு கேள்விய விட்டிருக்கேன் டீச்சர். சரிதான்" என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். உனக்கும் செய்ய வேண்டியிருந்தது இம்புட்டுத்தானா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தாளைக் காட்டியதற்குத் திங்கட்கிழமை நான் மன்னிப்பு எழுதிக் கொடுக்க வேண்டுமாம். மறுத்தால் வேலை போகும். வேறு வேலைக்குப் போகவும் அதே அம்மாதான் சர்டிபிகேட் தரவேண்டும். எழுதிக் கொடுத்துவிடுவேன் என்றுதான் தோன்றுகிறது.

உன் தாளையும் தேடிப் பார்த்தேன். பழையதையெல்லாம் அப்போதே எரித்துவிட்டார்களாம். நீ தோற்றாயா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.