ஸ்கேல் வச்சுப் பாத்த வீடு

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுறேன். என் முழங்காலையும் உங்கப்பா வாயையும் தவிர இங்க எல்லாம் சௌக்கியம். உங்க ரெண்டு பேர் சௌக்கியத்துக்கும் பதில் போடு, போன்ல ம், ம்னு சொல்றதெல்லாம் பதில் கிடையாது.

நீ அனுப்பின மேப் வந்துச்சு. உன் ஆபீஸ்ல ஒரு புள்ளி, மருமக வேலை பாக்குற ஆஸ்பத்திரில ஒரு புள்ளி, நடுவுல கோடு, கோட்டுக்குச் சரிபாதியில வீடு. அடடா, நீதி தவறாத பிள்ளையப் பெத்திருக்கேன்னு பூரிச்சுப் போயிட்டேன். ரெண்டு பேருக்கும் பக்கம் இல்லாத இடமாத் தேடிப் பிடிக்கணும்னா எவ்வளவு மெனக்கெட்டிருப்ப! ஆளுக்குச் சமமா ஒண்ணேகால் மணி நேரம்னு பெருமை வேற. பதினஞ்சாம் தேதி வீட்டுக் கடனுக்குக் கையெழுத்துன்னு படிச்சதும் உங்கப்பா, ஒண்ணேகால் மணி நேரம்னா எவ்வளவுன்னு பாத்துடுவோம்னு திங்கக்கிழமை காலைல பைய மாட்டிக்கிட்டு பஸ் ஏறிட்டார். அந்த ஒண்ணேகால் மணி நேரத்துல பஸ் எங்க போய்ச் சேருதோ அங்க இறங்கி, ஒரு டீ குடிச்சு, பார்க்ல உக்காந்துட்டு, சாயங்காலம் அதே மாதிரி திரும்பி வர்றது. வேலை வெட்டி ஒண்ணும் கிடையாது, வெறும் பயணம். முதல் நாள் வந்து கண்டக்டர் கதையெல்லாம் சொன்னார். செவ்வாய்க்கிழமை குழம்புல உப்பு இல்லைன்னார். புதன்கிழமை பக்கத்து வீட்டு டெய்லரம்மா போட்ட சண்டைய நான் சொல்ல ஆரம்பிச்சேன், பாதியிலயே குறட்டை. வியாழக்கிழமை ஷூவக்கூடக் கழட்டாம சோபாவுல விழுந்துட்டார். வெள்ளிக்கிழமை என்னால ஆகாதுன்னுட்டார். சும்மா போய்ட்டு வந்த மனுஷனுக்கே நாலு நாள்தான் தாங்குச்சு. நீங்க இருபது வருஷத்துக்குக் கையெழுத்துப் போடப் போறீங்க, ரொம்ப சந்தோஷம்.

இன்னொண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. நீ ஆபீஸ் போறது வாரத்துல ரெண்டு நாள். மிச்ச நாள் மேல சட்டையும் கீழ அரை டிராயருமா வீட்லயே உக்காந்து மீட்டிங்ல தலையாட்டுற. அவ போறது ஆறு நாள், அதுவும் நாள் பூரா வார்டுல நின்ன கால்ல வேலை. அப்புறம் இது எப்படிடா நடு ஆச்சு? ஸ்கேலுக்குத்தான் நாள் எண்ணத் தெரியாது, இஞ்சினியர் சாருக்குமா தெரியாது? அவகிட்டயே கேட்டேன். பரவால்ல அத்தை, அவர் ரொம்ப யோசிச்சுப் பாத்த இடம்னு சொன்னா. அந்தப் பரவால்ல எனக்குப் புதுசு இல்ல, இருபத்திரெண்டு வருஷம் நான் சொன்னதுதான். என் மருந்துக் கம்பெனி ஊருக்கு ஒரு கோடியில, அப்பாவோட அச்சாபீஸ் இன்னொரு கோடியில, நடுவுல வீடு. அதே கூத்து. உனக்கு ஞாபகம் இருக்காது, ஒண்ணாங்கிளாஸ்ல என் குடும்பம்னு படம் வரையச் சொன்னாங்க. என்னைய முதுகு காட்டிப் பையோட வாசல்ல நிக்க வச்ச, அப்பாவக் கண்ண மூடிப் படுக்க வச்சுட்ட. உங்க டீச்சர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, அப்பா தவறிட்டாரா, எங்களுக்குத் தெரியவே தெரியாதேன்னு கண் கலங்கினாங்க. எனக்குச் சிரிப்பு தாங்கல, அவர்கிட்ட சொல்லணும்னு ஓடி வந்தேன். தூங்கிட்டு இருந்தார். மறுநாளும் தூங்கிட்டு இருந்தார். அப்புறம் எனக்கே மறந்து போச்சு. போன வெள்ளிக்கிழமைதான், பஸ் ஏறாம வீட்ல இருந்தாரே, அன்னிக்குத்தான் சொன்னேன். நான் சிரிச்சேன். அவர் சிரிக்கல. எழுந்து போய் பீரோவக் குடைஞ்சு அந்தப் படத்தத் தேடி எடுத்துட்டு வந்து, அவன் கையெழுத்துப் போடுறதுக்குள்ள இது போய்ச் சேரணும்னார்.

இவ்வளவு நக்கல் பண்ணிட்டேன், உண்மையையும் சொல்லிடுறேன், எனக்குப் பயமா இருக்குடா. ஒரே வீட்ல இருந்துக்கிட்டு நீங்களும் ஒருத்தர ஒருத்தர் பாக்காமப் போயிடுவீங்களோன்னு. ஆஸ்பத்திரியச் சுத்தி நடந்து பாரு, சின்ன வீடா இருந்தாலும் சரி. அந்த ரெண்டு நாள் நீ போய்ட்டு வா, ஒண்ணும் தேஞ்சு போயிட மாட்ட. ரெண்டு பேரும் மனசு நிறைஞ்சு நல்லா இருங்க. படம் உள்ள இருக்கு, மடிக்காம வை.

உன் அம்மா.

அப்பாவும்தான். பக்கத்துலதான் உக்காந்திருக்கார், முழிச்சுட்டு.