தண்ணீரைக் காற்றென்று படித்தவருக்கு

என் மனத்தை விட்டுப் போகாத மாப்பிள்ளைக்கு,

இன்று காலை உங்கள் மகள் யாழினியும் நானும் உட்லண்ட்ஸ் கடலோரம் போயிருந்தோம். பனியா புகையா என்று தெரியாத வெள்ளைக்கு அப்பால் அக்கரை ஜொகூர் மிதந்துகொண்டிருந்தது. புதரெல்லாம் மஞ்சள் பூ. ஒரே நாள்தான் அதற்கு ஆயுசு, ஆனாலும் ஓர் அவசரமும் இல்லாமல் தலைகுனிந்து நிற்கிறது.

நினைவிருக்கிறதா? நீங்கள் தஞ்சாவூரிலிருந்து துவாஸ் தொழிற்பேட்டைக்கு எஞ்சினியராக வந்து, என் தங்கையைக் கட்டிய புதிதில், குடும்பத்தோடு இங்கே நடந்தோம். இந்த மஞ்சள் பூச்செடியின் பலகையில் ஆங்கில எழுத்தில் 'Simpoh Air' என்றிருந்த 'சிம்போ ஆயர்' பெயரை நீங்கள் 'சிம்போ ஏர்' என்று படித்தீர்கள். "காத்துச் செடி போல. இலையப் பாருங்க, விசிறி மாதிரி" என்றீர்கள்.

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். "ஐயோ மாப்ள, அது இங்கிலீஷ் இல்ல லா, மலாய். ஆயர்னா தண்ணி."

எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். அதற்குப் பிறகு என் எதிரில் எந்தப் பலகையையும் நீங்கள் வாய்விட்டுப் படித்ததில்லை. நீங்கள் கண்மூடிய பிறகுதான் அது எனக்கு உறைத்தது. வெட்கமாக இருக்கிறது, மாப்பிள்ளை.

நாளை யாழினி தமிழ் வகுப்பில் இந்தச் செடியைப் பற்றிப் பேசப்போகிறாள். தாளில் 'காற்றுச் செடி' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள். திருத்தினால் அவள் அப்பாவைத் தப்பென்று சொன்னதாகும். விட்டுவிட்டால் வகுப்பே சிரிக்கும். என்ன செய்வேன்? அவளோ நேற்று உதிர்ந்த இதழ்களை உள்ளங்கையில் வைத்து ஊதிக்கொண்டிருந்தாள்.

"கண்ணு, அந்தப் பேரு..." என்று இழுத்தேன்.

"தெரியும் மாமா. ஆயர்னா தண்ணி. அப்பாவே சொன்னாங்க. 'எனக்குத் தெரியாது, உன் மாமாதான் சொல்லிக் குடுத்தாரு'ன்னாங்க. நான் காத்து, தண்ணி ரெண்டையும் சொல்லப்போறேன், ஓகே லா?"

சொல்லிக் கொடுத்தேனாம். நான் சிரித்ததை அவளிடம் சொல்லவே இல்லையா நீங்கள்? எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கடலைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

அவளும் எத்தனையோ பெயர்களைத் தப்பாகப் படிப்பாள். நாலு பேர் முன்னால் சிரிக்க மாட்டேன். பக்கத்தில் போய்க் காதோடு சொல்வேன். அவளிடம் நீங்கள் சொல்லிவைத்த அந்த மாமனாக இருந்துவிடுகிறேன்.

உங்கள் மச்சான்,
செல்வம்