காலுக்குப் பூசிய எண்ணெய்

மெல்பேர்ன்
2 மார்ச் 2025

அன்புள்ள கணேஸ்,

இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். நீ வாட்ஸ்அப்பை அழித்துவிட்டாய், போனும் எடுப்பதில்லை என்று உன் மகள் நிரூபா சொன்னாள். ஆகவே கடிதம்.

ஜூன் மாதம் இங்கே மெல்பேர்னில், கல்லூரியில் உனக்குப் பாராட்டு விழா வைக்கிறார்கள். இருபத்தாறு வருடம் அந்த உதைபந்தாட்ட அணியைப் பழக்கியவன் நீ. யாழ்ப்பாணத்தில் உன்னோடு ஒரே வகுப்பில் படித்தவன் என்பதால் என்னைப் பேசச் சொல்கிறார்கள். பேசலாம். அதற்கு முன் ஒரு கேள்வி. 2023 இறுதிப் போட்டியில் என் மகன் அனுஷனை ஏன் வெளியே இருத்தினாய்? அந்தப் பருவத்தில் ஒன்பது கோல் அடித்தவன். அன்று கேட்டபோது, "அது எனக்கும் அவனுக்கும் இடையில, மச்சான்" என்றாய். நானும் "பரவாயில்லை" என்று சிரித்தேன். பொய்ச் சிரிப்பு. வேலைக்கு விடுமுறை எடுத்து வந்து, குளிருக்குள் நின்று, மற்றப் பையன்களுக்கு அவன் தண்ணீர்ப் போத்தல் நிரப்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

அருந்தவன்

---

பிளாக்டவுன்
17 மார்ச் 2025

பிரியமுள்ள அருந்தவன்,

கடிதம் கிடைத்தது. கோபமாகவாவது எழுதினாயே, சந்தோசம். முழங்கால் படி ஏறும்போது மட்டும் முறைப்பாடு சொல்கிறது. மற்றப்படி மகள் வீட்டுச் சாப்பாட்டில் தொந்தி வைத்துவிட்டது. பார்த்தால் சிரிப்பாய்.

அனுஷன் விசயம் சொல்கிறேன். போட்டிக்கு முதல்நாள் அவன் தனியாக வந்து, தன்னை விளையாட விடவேண்டாம் என்று கேட்டான். ஆங்கிலத்தில்தான் சொன்னான். அப்பா மைதானக் கோட்டடியில் நின்று கத்தத் தொடங்கினால் தன் கால் ஓடுவதில்லையாம். உனக்குச் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினான். போன கிழமை நிரூபாவின் போனில் கேட்டேன். இனிச் சொல்லலாம் என்றான். அவனோடு சண்டை பிடிக்காதே.

விழாவுக்கு வர எனக்கும் ஆசைதான். ஆனால் இரத்தினசிங்கம் வந்தால் நான் வரமாட்டேன். தன் மகன் கபிலனை அணியில் போடவில்லை என்று கேரம் டவுன்ஸ் கோயில் கார்ப் பார்க்கில், "உன்னைச் சும்மா விடமாட்டன் கணேஸ்!" என்று கத்தியவன். அது நடந்து ஒரு மாதம் ஆகவில்லை, கல்லூரிக்கு அந்த மொட்டைக் கடிதம் போனது. உடை மாற்றும் அறையில் பையன்களின் கால்களை நான் கையால் தேய்க்கிறேனாம். யாழ்ப்பாணத்தில் நம்மைப் பழக்கிய மாஸ்டர் போட்டிக்கு முன் உனக்கும் எனக்கும் எண்ணெய் பூசியது போலத்தான் நானும் பூசினேன். இந்த நாட்டில் அது பிழை என்று எனக்கு உறைக்கவில்லை. ஏழு மாதம் விசாரித்து, குற்றம் இல்லை என்றார்கள். அதற்குப் பிறகு அந்த மைதானத்தில் கால் வைக்க மனம் வராமல்தான் இங்கே சிட்னிக்கு மகளிடம் வந்தேன்.

விழாக் குழுவிடம் நீயே சொல்லிவிடு. நீ சொன்னால் கேட்பார்கள்.

என்றும் உன்
கணேசலிங்கம்

---

மெல்பேர்ன்
6 ஏப்ரல் 2025

அன்புள்ள கணேஸ்,

அனுஷனைப் பற்றி எழுதியதை நாலு தரம் வாசித்தேன். அவன் என்னிடமே சொல்லியிருக்கலாம்.

குழுவிடம் பேசினேன். இரத்தினத்துக்கு அழைப்பு அனுப்பமாட்டார்கள். ஆனாலும், சந்தியில் நின்று கத்துகிறவன் ஒளித்திருந்து எழுதுவானா என்று யோசித்துப் பார்.

வேலை அதிகம். பிறகு விரிவாக எழுதுகிறேன்.

அருந்தவன்

---

பிளாக்டவுன்
12 மே 2025

பிரியமுள்ள அருந்தவன்,

நேற்று இரத்தினசிங்கம் மகள் வீட்டு வாசலில் வந்து நின்றான். மெல்பேர்ன் ஸ்பிரிங்வேலிலிருந்து பத்து மணித்தியாலம் கார் ஓடி வந்திருக்கிறான். மனைவி காருக்குள் இருந்தா.

"விழாவுக்கு என்னைக் கூப்பிட வேண்டாமெண்டு சொன்னது நீயோ?"

"ஓம். அந்தக் கடிதம் எழுதினது நீதானே?"

"டேய், பிள்ளையின்ர பள்ளிக்கூடத்துக்கு ஒரு லீவு லெட்டர் எழுதவே நான் மகளைக் கூப்பிடுறனான். நானே உவ்வளவு இங்கிலீசு எழுதினன்?"

"ஆரையும் பிடிச்சு எழுதுவிச்சிருப்பாய்."

"எனக்குக் கோவம் வந்தா நேர சொல்லுவன். கோயிலடியில சொன்னனான்தானே! ரெண்டு வருசமா என்ர கடைக்குள்ள எங்கட சனம் வாறேல்லை, தெரியுமோ? மனுசி கோயிலுக்கே போறேல்லை. நீ ஒருக்கா சொல்லு கணேஸ், நான் இல்லையெண்டு. உன்ர வாயால சொன்னாச் சனம் நம்பும்."

நான் கதவைச் சாத்திவிட்டேன். அவன் கார் அரை மணித்தியாலம் வீட்டுக்கு முன்னால் நின்றது. நிரூபா தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவித் தந்தாவாம் அவன் மனைவி.

இரவெல்லாம் நித்திரை இல்லை. நான் பிழை விட்டேனா, மச்சான்? அவன் இல்லையென்று நீ நினைத்தால் எழுது. உன் சொல்லை நம்பி அவனிடம் போய் மன்னிப்புக் கேட்கிறேன்.

உன் கணேஸ்

---

மெல்பேர்ன்
1 ஜூன் 2025

கணேஸ்,

இரத்தினம் இல்லை. நான்.

இறுதிப் போட்டி முடிந்து மூன்றாம் நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில், அலுவலகக் கணினியில் எழுதினேன். நல்ல ஆங்கிலம். அதில் பொய் என்று ஒரு சொல்லும் இல்லை. உடை மாற்றும் அறைக் கதவு மூடியிருந்தது என்று எழுதினேன். குளிருக்கு மூடினாய் என்று எழுதவில்லை. கைகளால் தேய்க்கிறார் என்று எழுதினேன். எதற்கு என்று எழுதவில்லை. வெள்ளைக்காரனுக்கு அது விளங்காது. எனக்கு விளங்கும். தசை பிடித்து நான் அழுத அன்று மாஸ்டர் என் காலுக்கு அந்த எண்ணெயைப் பூசித்தான் என்னை எழுப்பி விட்டார். நீ பக்கத்தில் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

கூப்பிட்டு எச்சரிப்பார்கள், ஒரு கிழமை தலைகுனிந்து திரிவாய் என்றுதான் எண்ணினேன். விசாரணை என்று கல்லூரி உன்னை நிறுத்தியதும் உன் வீட்டுக்கு முதலில் வந்தவனும் நான். "ஆரடா இந்த வேலை பார்த்தது?" என்று கேட்டவன் நான். "இரத்தினமாய் இருக்குமோ?" என்று முதலில் சொன்ன வாயும் என்னுடையது. உனக்கு அது மறந்துபோயிருக்கும். அதற்குப் பிறகும் அவன் கடையில்தான் மீன் வாங்கினேன், சனம் என்னை நல்லவன் என்று நினைக்கட்டும் என்று.

அனுஷனோடு பேசினேன். "நீங்கள் கத்தும்போது உங்கள் முகத்தைப் பார்க்கப் பயம், அப்பா" என்றான், தமிழில். அவனுக்கு இதை இன்னும் சொல்லவில்லை. என்னிடம் சொல்லாததை உன்னிடம் சொன்னானே என்ற எரிச்சல் இப்போதும் போகவில்லை. இதையெல்லாம் எழுதும்போதும் போகவில்லை. நான் இப்படித்தான்.

இரத்தினத்திடம் போ. இந்தக் கடிதத்தைக் கையில் கொடு. அவன் மனைவியும் வாசிக்கட்டும். குழுவுக்கும் காட்டு. விழாவில் நான் பேசமாட்டேன் என்று நேற்றே சொல்லிவிட்டேன். அவனை மேடையில் ஏற்று.

பெயர் எழுதப் பேனையை எடுத்தேன். அலுவலகக் கணினியில் செய்தது, வேலை போய்விடும் என்ற பயம் முதலில் வந்தது. அதையும் உனக்கு ஒளிக்கவில்லை. சமையலறையில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, வேலை போனால் போகட்டும் என்று மறுபடி உட்கார்ந்தேன். அப்போதும் கை ஓடவில்லை. முந்தின கடிதங்களைப் போல இதில் வெறும் பெயரை எழுத முடியாது, அதற்கு மேலே உனக்கு நான் யார் என்று ஒரு சொல் வேண்டும். நண்பன் என்று எழுதி வெட்டினேன். வேறு சொல் கிடைக்கவில்லை. இது யார் எழுதியது என்று உனக்கும் இரத்தினத்துக்கும் தெரிய இதற்குள் இருப்பதே போதும். கையெழுத்து இல்லாமலே இதை இப்போது கொண்டுபோய்த் தபாலில் போடுகிறேன்.